பளிச்சிட்ட பாதம்

"ஹட்டோ, ஹட்டோ, நவுரு" என்று சோபாக்களை அதட்டிக்கொண்டே துடைக்கிறாள் ஆராயி. தெற்கு டெல்லியில் பழம்பொருள்களை ஏலம் விடும் கூடம் அது. துப்புரவு வேலை அவளுடையது. நாற்காலி, மேஜைகளோடு பாதி இந்தியில்தான் பேசுவாள். "வடநாட்டுச் சாமான். நம்ம பேச்சு அதுக்கு இன்னா தெரியும்?" என்பாள்.

துடைக்கும் துணி அவள் புருஷனின் கிழிந்த பனியன். செருப்பை வாசலைத் தாண்டிக் கொண்டுவர மாட்டாள். கால் ஆடும் மேஜைக்குக் 'குடிகாரன்' என்று பெயர் வைத்திருக்கிறாள். மணியடிக்காத பெரிய கடிகாரம் 'ஊமை மாமியார்'. "எனக்கு அப்பிடி ஒண்ணு வாய்க்கல பாரு."

இத்தனை வாயும் முதலாளி மேடத்தின் கார் ஹாரன் கேட்கும்வரைதான். முன்பு வேலை பார்த்த வீட்டில் ஒரு கோப்பை உடைந்தது. வேறேதும் எடுத்திருக்கிறாளா என்று வாட்ச்மேன் முன்னால் அவள் பையைத் தரையில் கொட்டிப் பார்த்து அனுப்பினார்கள். அப்புறம் அந்தக் காலனியில் ஒரு வீடும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. வெகுநாள் அலைந்து கிடைத்த வேலை இது.

போன வாரம் அந்தப் பிரெஞ்சு விளக்கு வந்தது. வெண்கலப் பெண் ஒருத்தி, பூவிதழ் போன்ற கண்ணாடிக் கூண்டைக் கையில் தூக்கி நிற்கிறாள்; உள்ளே பல்பு. அவள் உடம்பெல்லாம் கறுப்பும் பச்சையுமாக ஏதோ படிந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஆராயிக்கு மனசு கேட்கவில்லை. "வெளக்கு புடிக்கிறவ இப்பிடியா அழுக்கா நிப்பா?" வீட்டு விளக்கைத் துலக்கிவிட்டு மிச்சப் புளியை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். அதை எடுத்து வலது பாதத்தைத் தேய்த்தாள். பாதம் தங்கமாகப் பளிச்சிட்டது.

சாமான்களைப் படமெடுத்து விவரம் எழுதும் செந்தில்குமார் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான். ஆராயி சட்டென்று விளக்கை மறைத்து நின்றாள்.

"அக்கா, இதை மட்டும் தொடாதீங்க. அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே. நூறு வருஷமா தானா ஏறினது. தேய்ச்சா காலி. மேடம் என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடுவாங்க."

"அச்சா தம்பி" என்றாள்.

அன்றிலிருந்து சோபாக்களை யாரும் அதட்டவில்லை. கண்மையை எடுத்துப் பாதத்தில் பூசிப் பார்த்தாள், பனியனோடு வந்துவிட்டது. அடுப்புக்கரி உதிர்ந்தது. பூச்சாடி ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்தாள். மேடம் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். விரலில் புளிவாசனை போகவில்லை என்று ஓயாமல் கை கழுவினாள். "ஏன் ஆராயி, உடம்பு சரியில்லியா?" என்று டீக்கார உஷாராணி கேட்டால்கூட, "நான் இன்னா பண்ணேன்?" என்கிறாள்.

இன்று வாங்குகிறவர்கள் வந்து பார்க்கும் நாள். வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் விளக்கின் முன்னால் நின்று கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். இங்கே வெளிச்சம் போதவில்லையாம்.

"ஆராயி! இதை ஜன்னல் பக்கம் கொண்டு போ. ஜல்தி" என்கிறார் மேடம்.

குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துத் தூக்குகிறாள். செந்தில்குமார் வழி விடுகிறான். ஜன்னலோர மேஜையில் வெயில் விழுந்து கிடக்கிறது. விளக்கை வைத்தாயிற்று. தாடிக்காரர் குனிகிறார்.

"விட்டுட்டு நகரு" என்கிறார் மேடம்.

ஆராயி இடது கையை எடுத்துவிட்டாள். வலது கை அந்தப் பெண்ணின் பாதத்தை மூடியபடியே இருக்கிறது.