டர்போ காரும் கரும்புப் பெட்ரோலும்

நன்றாக ஓடுகிற வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஏன் நன்றாக ஓடுகிறது என்று நாமே குழம்பிப்போகிற தொழிலுக்குப் பெயர் கார் டியூனிங். வேங்கிக்காலில் பதினோரு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எந்த நொடியில் பொறி தட்ட வேண்டும் என்ற கம்பெனிக் கணக்கை மாற்றி எழுதுவேன். பெட்ரோல் வெறும் பெட்ரோலாக இருந்தவரை பிரச்சினை இல்லை. அதில் எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். பத்து சதவீதம் இருபது ஆனது. கார் வைத்திருக்கிற உங்களுக்கு என் பாடு புரியும்.

இரண்டு பதில்

முருகவேல் கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஆசை ஆசையாய் ஒரு சிவப்பு டர்போ கார் வாங்கியிருந்தார். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிற சின்ன விசிறிதான் டர்போ. நான் டியூன் செய்து கொடுத்ததும் செங்கம் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். ஒரு மாதத்தில் மறுபடி வந்தார், முகம் வாடி. எத்தனால் இன்ஜினையே அரித்துவிடும் என்று யாரோ போனுக்கு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

உள்ளதைச் சொன்னேன். எத்தனால் கலந்தால் மைலேஜ் கம்மியாகும், பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப்போகலாம். ஆனால் டர்போ வண்டியில் சூடும் அழுத்தமும் ஜாஸ்தி. சில சமயம் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்து இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும். எத்தனால் அதைத் தடுக்கும். அந்த வகையில் டியூன் செய்த வண்டிக்கு அது நல்லதுதான். முருகவேல் என்னை மடக்கினார்.

"ஒரே வாயால நல்லதுன்றீங்க, கெட்டதுன்றீங்க. வீட்ல கேட்டா நான் எதைண்ணா சொல்றது?"

கண்ணாடிக் குழாய்

அவர் டேங்கில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று ஒரு சோதனை செய்து காட்டினேன். அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் அவர் டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோல். மூடி, குலுக்கி, நிறுத்தி வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ்மட்டம் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு எத்தனால்.

முதல் தடவை ஒரு கோட்டில் நின்றது. என் மெக்கானிக் பாஷா பாய் இன்னொரு தடவை குலுக்கினார். வேறு கோடு. மூன்றாவது தடவை நான் குலுக்கினேன், அது நடுவில் எங்கேயோ நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முருகவேல் கேட்டார்.

"இதுல என் கார் எதுலண்ணா ஓடுது, மேல இருக்கறதுலயா, கீழ இருக்கறதுலயா?"

கரும்புக்காரர்

அடுத்த முறை முருகவேல் தன் அப்பா ஏழுமலையையும் கூட்டி வந்தார். அடி அண்ணாமலையில் கரும்பு பயிர் செய்கிறவர். கண்ணில் புரை விழுந்திருந்ததால் மகன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். எத்தனால் எதிலிருந்து வருகிறது என்று கேட்டார். அரிசி, மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள், கரும்பிலிருந்தும் எடுக்கிறார்கள் என்றேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன் பக்கம் திரும்பி, "இத்த எனக்கு நீ சொல்லவே இல்லியேடா" என்றார். மகனோ, "நைனா, அதுதான் வண்டிக்கு ஒத்துக்கலன்றாங்க" என்று முனகினார்.

பெரியவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நான் வெட்டி அனுப்பின கரும்பு என் புள்ள வண்டிக்கே ஒத்துக்கலன்னா, கோளாறு கரும்புலயா தம்பி, வண்டிலயா?"

போளூருக்கு முன்னால்

பெரியவர் வந்த அன்றே டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருப்பதைப் பார்த்தேன். "அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம்" என்று மனசுக்குள் சொல்லி விட்டுவிட்டேன். பிறகு மூன்று வாரம் விடாத மழை. வண்டி முருகவேல் வீட்டு வாசலில் வெட்டவெளியில் நின்றிருக்கிறது. ஏழுமலைக்குக் கண் ஆபரேஷன் என்று வேலூருக்குக் கிளம்பிய அன்றுதான் எடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே உதறியது. டியூன் செய்த வண்டி அப்படித்தான் இருக்குமென்று முருகவேல் ஓட்டியிருக்கிறார். போளூருக்கு முன்னால் நின்றே விட்டது.

போன் வந்ததும் பாஷா பாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என் கணக்கு தப்பாகி பிஸ்டன் போய்விட்டது என்றே நினைத்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முருகவேல் வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, அப்பாவோடு பஸ் ஏறிவிட்டார். பாஷா பாய் டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தார். பெட்ரோல் தனியாக, தண்ணீர் குடித்த எத்தனால் தனியாக இரண்டு அடுக்காய் நின்றது. வாஷர் வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்தது. இன்ஜின் குடித்ததெல்லாம் அதைத்தான். பிஸ்டன் தப்பியது என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பாஷா பாய் மூடியைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"லேப்டாப்ல எல்லாம் பாத்தீங்க, இத்த மட்டும் கையால பாக்க மறந்துட்டீங்க."

அடி அண்ணாமலையில்

டேங்கைக் கழுவி, புது வாஷர் போட்டு, பழைய கம்பெனிக் கணக்கையே திரும்ப ஏற்றினேன். வண்டியை ஒப்படைக்க நானே அடி அண்ணாமலைக்குப் போனேன். ஏழுமலை கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. வாஷர் வெடித்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்று அவரிடமும் முருகவேலிடமும் சொன்னேன். முருகவேல் சாவியை வாங்கிக்கொண்டு, முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். அது எனக்கு வேண்டியதுதான். நான் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து, பெரியவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பஸ்ஸு என்னா ஊத்தினு ஓடுதுன்னு நான் கேக்கவே இல்ல தம்பி, நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டேன்."

இருபது சதவீதம் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை, ஆனால் தெளிவில்லாமலே பதினோரு வருஷம் ஒரு தொழிலை நடத்த முடியும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.