இரண்டு பேருக்கு ஒரு அட்டை

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தேவாரம் பக்கத்தில் எங்கள் ஊரை விட்டு ஏல மலைக்குக் கிளம்பியபோது பதினான்கு வயது முடிந்திருக்காது. யாரும் துரத்தவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு எத்தனையோ தோட்டங்கள். கங்காணியைப் பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவேன். அங்கே பெய்கிற மழையைப் பிடிக்காவிட்டாலும் கட்டிவிடுவேன். மலையாளம் அரைகுறையாக வந்தது. சமையலும் அப்படியேதான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜீப் டிரைவருக்கு இரண்டாம் தாரமானேன். போடியில் விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் மலை மேட்டுக்கு அப்பால் உள்ள தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருகிற ஜீப். நானும் அதில் ஏறி இறங்கியவள்தான். அவருக்கு மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் இருந்தது எனக்குத் தெரியும். ஆண்பிள்ளை வேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கேட்டார். அதில் ஒளிவுமறைவு இல்லை. பின்னால் நெரிபடாமல் முன் சீட்டில் போகலாம் என்று நான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டேன். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சோறு வடிக்கத் தெரியுமா?”

“கொழைஞ்சு போகும்க்கா.”

“அப்ப நீ தண்ணி எடு.”

எங்களுக்குள் அதற்குப் பிறகு பெரிய சண்டை வந்ததில்லை. அவர் யாருடன் எப்போது என்பதையும் அவளே முறைப்படுத்தினாள். வாரத்துக்கு ஒருத்தி. வேலைக்குப் போகும்போது யாருடைய வாரமோ அவள் முன் சீட்டில் உட்காருவாள், மற்றவள் பின்னால் போவாள். அதனால் ஜீப்பில் வருகிற அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டு விஷயம் தெரியும். “என்னடி, இந்த வாரம் மூத்தவ ராஜ்ஜியமா?” என்பார்கள். அக்கா, “நீயும் வாடி, ஒனக்கும் ஒரு வாரம் ஒதுக்குறேன்” என்பாள்.

எனக்கு ஒரு பெண் பிறந்தது. அவர் முகம் வாடினாலும் குறையாக ஒன்றும் பேசவில்லை. “அடுத்ததுல பாப்போம்” என்றார். அடுத்தது எனக்கு உடனே வேண்டாம். வேண்டவே வேண்டாமா என்று கேட்டால் பதில் தெரியாது. குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் அதைச் சொன்னபோது ஒரு மாத்திரை அட்டை கொடுத்தார். வெள்ளை மாத்திரைகள், கடைசி வரிசை மட்டும் காப்பிக் கலர். “தெனம் ஒண்ணு. மறக்கக் கூடாது” என்றார்.

அதை அக்கா பார்த்துவிட்டாள். என்ன மாத்திரை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் மொச்சை உரித்தாள். பிறகு சொன்னாள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறார்.

“ஆபரேசன் பண்ணிக்கச் சொன்னாகளா?”

“சொன்னாக. இவரு வேணாம்னுட்டாரு. வயித்துல கத்தி பட்டா மலைச்சோலி பாக்க முடியாதாம். அதோட அடுத்தது ஆம்பளயா இருந்துட்டா என்னா செய்யன்னு கேட்டாரு.”

“அப்பறம் இத்தன வருசமா?”

“பயந்துக்கிட்டேதான் ஓட்டுறேன்.”

“நீயும் நர்ஸம்மாகிட்டக் கேளுக்கா.”

“போடி. என் மூத்த மக சமைஞ்சு வருசமாச்சு. நான் போயி மாத்திர கேட்டா இந்தத் தெருவே சிரிக்கும்.”

கடையில் வாங்கலாம் என்றால் போடிக் கடைக்காரர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். ஆகவே மாதத்துக்கு ஒரு அட்டைதான், என் பெயரில் வருவது. அதை எப்படி இரண்டு பேர் சாப்பிடுவது என்று யோசித்தோம். அக்காதான் வழி கண்டுபிடித்தாள். காய்ச்சல் வந்தவள்தானே காய்ச்சல் மாத்திரை போடுகிறாள்? அவர் யாருடன் இருக்கிறாரோ அந்த வாரம் அவள் போட்டால் போதாதா? எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்தோம். வாரம் மாறும்போது மாத்திரையும் கை மாறியது. சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். உண்மையில் அது வெறும் அதிர்ஷ்டம்.

காயெடுப்பு நேரத்தில் ஒருநாள், ஏலச்செடித் தூரில் குனிந்திருந்த அக்கா எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். ஜீப்பின் டீசல் நாற்றம் என்றாள். மறுநாளும் எடுத்தாள். சாயங்காலம் ஜீப்புக்குக் காத்திருக்கும்போது என் பக்கம் திரும்பாமலேயே, “தள்ளிப் போயிருச்சுடி” என்றாள்.

நர்ஸம்மாவிடம் பக்கத்து வீட்டுக் கதை போலச் சொல்லிக் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எவ அந்தப் புத்திசாலி? இதென்ன பஸ் டிக்கெட்டா, போற அன்னைக்கு மட்டும் எடுக்குறதுக்கு? ஒருத்தி ஒரு நாள் விடாம முழுசாப் போட்டாத்தான் கேக்கும்.” பிறகு என்னையே பார்த்து, “அந்தப் பக்கத்து வீட்டுக்காரிய வெரசா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்.

போனோம். டாக்டரம்மா அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பழைய கதையைக் கேட்டார். இப்போதே வந்தால் கலைத்துவிட்டு, அதோடு ஆபரேசனும் செய்துவிடலாம், தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து என்றார். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டவுடனேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாம் பாதி அவர் காதில் ஏறவில்லை.

“டாக்டர்மாரு அப்படித்தான் பயங்காட்டுவாக. இது ஆம்பளப் புள்ளதான். எனக்குத் தெரியுது.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியுது? வயிறு என்கிட்ட இருக்கு.”

“மூணு பெத்தவ, நாலாவதுக்கு என்ன வந்துரும்?”

அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை. பிள்ளைகளுக்கு மேட்டிலிருந்து பலாச்சுளை வாங்காமல் வரமாட்டார். தான் வேண்டாம் என்று நினைத்தது எதுவும் நடக்காது என்று நம்புகிற பழக்கம் அவருக்கு. செங்குத்தான மலைப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் பலருக்கு அது உண்டு.

இரண்டு நாள் பார்த்தேன். என் வாரம். முன் சீட்டில் இருந்தபடி அவரிடம் ஒரு பேரம் பேசினேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், நான் மாத்திரையை நிறுத்திவிட்டு உங்களுக்கு ஒரு பையனைப் பெற்றுத் தருகிறேன் என்றேன். மாத்திரை விஷயமே அப்போதுதான் அவருக்குத் தெரியும். கியரை மாற்றினார். பிறகு, “ரெண்டு பேரும் சேந்து என்னைய முட்டாளாக்குனீகளா?” என்றார். அடுத்த வளைவு தாண்டியதும், “சரி, சத்தியம் பண்ணு” என்றார். சாயங்காலம் பண்ணுகிறேன் என்றேன்.

அதற்குள் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மூலமாக, வண்டியின் கடைசியில் இருந்த அக்காவுக்கு எட்டிவிட்டது. தோட்டத்தில் என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“என் உசுருக்கு ஒன் வயித்த அடகு வக்கிறியா? யாருடி கேட்டா ஒன்னைய?”

“வேற வழி என்னாக்கா இருக்கு?”

“இருக்கோ இல்லையோ. நாளைக்கு நீ மாசமா இருந்து மூச்சு வாங்குறப்பெல்லாம் நான் ஒன் மூஞ்சியப் பாக்க முடியுமா? சத்தியம் கித்தியம் பண்ணுன, அப்பறம் நான் ஒனக்கு அக்கா இல்ல.”

நான் சத்தியம் பண்ணவில்லை. அவரும் இறங்கி வரவில்லை.

மறுநாள் காலை, பாதி மலையில், வழக்கம்போல ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஜீப்பை நிறுத்தினார். எல்லாரும் இறங்கி இடுப்பை நிமிர்த்தினோம். அக்கா குடத்துடன் நின்ற அவர் முன்னால் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். “ஒங்களுக்கு நான் வேணுமா, வேணாமா? இங்கன வச்சுச் சொல்லிருங்க” என்று முடித்தாள்.

“வீட்டுப் பேச்ச நடுரோட்டுல என்னா...” என்று அவர் ஆரம்பித்தார்.

“வீட்டுல பேசுனப்ப நீங்க சாப்டுக்கிட்டு இருந்தீக.”

பெண்களில் ஒருத்தி தொடங்கினாள். “அண்ணே, ஆம்பளப் புள்ள ஆசன்னா நீங்களே சொமந்து பெத்துக்கங்க. பத்து மாசத்துக்கு நாங்க ஜீப்ப ஓட்டுறோம்.”

“இல்லாட்டி அண்ணனே ஆபரேசன் பண்ணிக்கிரட்டும்.”

“யாரு, இவுகளா? முந்தி குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப்புக்காரக ஆளு பிடிக்க வந்தப்ப காய் ஒணத்துற ஸ்டோருக்குள்ள ஒரு வாரம் ஒளிஞ்சு கெடந்த ஆளு. ஏலக்கா வாசத்தோட வெளிய வந்தாரு.”

சிரிப்பு அடங்கவில்லை. அவருக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. வண்டியில் எப்போதும் கடைசியாக ஏறுகிற ஒரு கிழவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அப்பு, என் மக இப்படித்தான் போனா. மருமகன் என்ட்ட வந்து அழுதான். அழுது என்ன ஆச்சு? நீ இவளக் கூட்டிட்டுப் போகலன்னா நாளைக்கு நான் ஒன் வண்டில ஏற மாட்டேன். நடந்தே போவேன்.”

“நானும்” என்றாள் முதலில் கேலி பேசியவள். இப்போது கேலியாகச் சொல்லவில்லை.

அவர் தண்ணீர் ஊற்றினார். மூடியை முடுக்கினார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், “நாளைக்குப் போவோம்” என்றார்.

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, நாலாவது பிரசவத்தில் அக்காவுக்கு என்ன ஆகக்கூடும் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார். பயந்துவிட்டார் என்று தெரிந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், என்னைச் சுட்டிக்காட்டி, “இவளுக்கும் சேத்துப் பண்ணிருங்க. ஒரேயடியா முடிஞ்சுரும். இனி இந்தப் பேச்சே வேணாம்” என்றார்.

பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “இவுக யாரு?”

“இவளும் வீட்டுக்காரிதான்.”

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

முந்தின நாள் வரை என் வயிற்றில் பையன் வேண்டும் என்றவர், இப்போது எதுவும் வேண்டாம் என்கிறார். இரண்டும் என்னைக் கேட்காமல்தான். இதில் நான் கோபப்பட வேண்டுமா, தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டுமா என்றுகூட ஓடவில்லை. பச்சைச் சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் இருந்த அக்காதான் சத்தம் போட்டாள்.

“அவ என்ன ஒன் ஜீப்புல ஏத்துற லோடா? அவகிட்டக் கேட்டியா?”

அவரை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. ஒனக்கு வேணுமா?”

“வேணாம்” என்றேன்.

“அப்ப இன்னும் புள்ள பெத்துக்கப் போறியா?”

“அதுவும் இப்ப வேணாம்.”

“ரெண்டும் வேணாமா? ஒரு முடிவுக்கு வாம்மா.”

“வர்றேன். இன்னைக்கு இல்ல.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நர்ஸ் அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது அக்கா என்னிடம், தன் சின்ன மகளுக்குத் தலை பின்னிவிடச் சொன்னாள், நான் கோணலாகப் பின்னுவேன் என்பதால் மெதுவாகப் பின்னச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதாவது தட்டு விழுந்தால் எழுந்து நின்றார். வெகுநேரம் கழித்து நர்ஸ் தலையை நீட்டி, முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார், சாயங்காலம் பார்க்கலாம் என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, அதட்டலும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல் கேட்டார்.

“அப்ப நீ எப்பத்தான் முடிவு பண்ணுவ?”

“தெரியல. தெரியிறப்பச் சொல்றேன்.”

“சொல்லு” என்றார். டீ குடிக்கிறாயா என்று கேட்டார். குடிக்கிறேன் என்றேன்.