காற்று குடியிருந்த பிக்கப்

காசிநாதனுக்குக் காற்று கண்ணுக்குத் தெரியும். அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மறுத்துப் பேச ஊரில் வேறு யாரும் காற்றைப் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. ராஜகோபாலின் சாயப் பட்டறையில் அவன் டிரைவர். சாயம் ஏறிக் காய்ந்த பட்டு நூலைத் தறிக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். வாரம் ஒருமுறை பட்டணம் போய் வருவான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவன் கண்கள் சாலையில் பாதியும், சாலைக்கு மேலே ஓடும் எதிலோ பாதியுமாக இருக்கும். அப்படியிருந்தும் பதினோரு வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

வண்டி, ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு ஜீப். முன்பாதியை அப்படியே விட்டுப் பின்பாதியில் தகரத் தொட்டி கட்டி, தொட்டியின் வாலில் கீல் வைத்து ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை இறக்கினால் சாமான் ஏற்றலாம். தூக்கிக் கொக்கி போட்டால் சாமான் விழாது. ஒரு பலகையைப் பற்றி இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டு வரை போன ஊருக்குப் பலகை ஒன்று கிடைத்தால் போதாதா?

எழுபத்து நாலாம் வருடம், தை மாதம். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து ராஜகோபால் வண்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. வீட்டில் தண்டத்துக்குத் தின்னும் மச்சானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"காசி, செவிலிமேட்டு செங்கல் சூளைக்காரன் வண்டியக் கேக்கறான். குடுத்துடலாம்னு இருக்கேன். நூல மாட்டு வண்டில அனுப்பிக்கலாம்."

"மாட்டு வண்டிக்கு நான் எதுக்கு மொதலாளி?"

"அதையும் யோசிச்சேன்" என்றார் ராஜகோபால், வருத்தத்தோடுதான். பிறகு, தான் கல்நெஞ்சன் இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள ஒரு வழி வைத்தார். "அஞ்சு லிட்டர் ஊத்தறேன். அது தீர்றதுக்குள்ள ஸ்ரீபெரும்புதூர் கோபுரம் என் கண்ணுல படணும். பட்டுதுன்னா வண்டி இங்கியே இருக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமை நானே கூட வர்றேன்."

காசிநாதன் வண்டிக்கு வைத்தியம் தேடிப் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் பழனியிடம் போனான். பழனி பானெட்டைத் திறக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போய் நின்றான்.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லபா. தோ, இந்தப் பலகைதான் வில்லன். காத்து தொட்டில பூந்து பலகையில மோதி வண்டியப் பின்னால இஸ்துகினு இருக்குது. எறக்கி விட்டுட்டு ஓட்டு. காத்து பூந்து பூந்து போய்க்கினே இருக்கும்."

காசிநாதனுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நாள் கண்ணால் கண்ட காற்றுக்கு இவன் வாசல் திறந்துவிட்டானே. கண்ணை மூடினால், தொட்டி வழியே காற்று வெள்ளமாய் நுழைந்து வெள்ளமாய் வெளியேறியது. அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. பலகையைத் தூக்கியே வைக்க வேண்டும் என்ற கட்சியில் இரண்டே பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. பலகை இறங்கியிருக்க வேண்டும் என்பது ஊரின் முடிவாகி, ராஜகோபாலின் காதுக்கும் எட்டி, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாகவும் ஆகிவிட்டது. "பலகைய எறக்கித்தான் ஓட்டணும், புரிஞ்சுதா?" என்று அவரே ஆள் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பட்டணத்து நடையிலேயே காசிநாதன் அளந்து பார்த்தான். டாங்கை வடித்துவிட்டு அளந்து ஐந்து லிட்டர் ஊற்றி, கையோடு ஒரு டின்னையும் எடுத்துக்கொண்டு, பலகையை இறக்கிப் புறப்பட்டான். சுங்குவார்சத்திரம் தாண்டி, சாலையோரம் ஒட்டி நின்ற இரண்டு பனைமரங்களுக்கு அடியில் வண்டி இருமி நின்றது. தொட்டிமேல் ஏறி நின்று பார்த்தான். புளியமரங்கள் தெரிந்தன, ஒரு பஞ்சாயத்துக் கிணறு தெரிந்தது, கோபுரம் மட்டும் இல்லை.

மறுநாள் திருப்பருத்திக்குன்றத்தில் நூல் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தொட்டியில் ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். காசிநாதனின் மனைவி. அதே பட்டறையில் சிக்கெடுத்து நூல் பிரிக்கிறவள். ஆள் விழுந்துவிடக் கூடாதே என்று பலகையைத் தூக்கி மாட்டியிருந்தான். பலகையில் முதுகு சாய்த்து, வண்டி போகும் திசையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

"இன்னாய்யா, வண்டி முன்னால போனா முடி பின்னால தான பறக்கணும்? என் முடி மூஞ்சி மேல வந்து முன்னால பறக்குது."

"உன் தல திரும்பியிருக்கும்."

"என் தல எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

நாளெல்லாம் நூலைப் பார்க்கிறவளுக்குக் காற்றைப் பார்க்கும் வழி தெரிந்திருந்தது. பட்டறைக் குப்பையிலிருந்து அறுந்த பட்டு நுனிகளை மடியில் கட்டி வந்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. தொட்டியின் அடியிலும் ஓரங்களிலும் சாண் சாணாக முடிந்தாள். வியாழக்கிழமை மாகறல் பக்கம் நூல் கொண்டுபோகும்போது, பலகையை மூடச் சொல்லி மூலையில் குந்திக்கொண்டாள்.

மூடிய பலகையோடு வண்டி வேகமெடுத்ததும், அடியிலிருந்த இழைகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து, டிரைவர் இருக்கும் பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்தன. விளிம்பில் கட்டியவை பின்னோக்கி ஓடின. நடுவில் இருந்தவை சும்மா சுழன்றன. வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு, மூன்று நிறத்தில், குளத்தடியில் பாசி அசைவதுபோல. ரேணுகாம்பாளுக்குத் தூக்கம் வந்தது. வயல்கள் ஓடின. மேலே ஊர்க் காற்றெல்லாம் கூச்சலிட்டு ஓட, அவளைச் சுற்றி மட்டும் ஒரு காற்று எங்கும் போகாமல் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. அதில் அவள் கொஞ்ச தூரம் மிதந்தே போனாள்.

திரும்பும்போது பலகையை இறக்கச் சொல்லித் தொட்டியின் முன்மூலையைப் பிடித்துக்கொண்டாள். இழைகள் சாட்டைபோல அடித்துக்கொண்டன. இரண்டு அறுந்து பறந்தன.

"காத்து தொட்டில தண்ணி மாதிரி ரொம்பி நிக்குதுய்யா" என்றாள் வீட்டில். "வெளிக்காத்து அது மேல வழுக்கிகினு போயிடுது. பலகைய எறக்கினா தண்ணி ஒட்ச்சிகினு ஓடிடுது. அப்பறம் வெளிக்காத்து உள்ள எறங்கிப் புடிச்சி இழுக்குது."

"பழனி மெக்கானிக்கு. நீ சிக்கெடுக்கறவ."

"அவன் தொட்டில குந்தினானா?"

காற்றைப் பார்ப்பவன் என்ற பெயர் காசிநாதனுக்குத்தான் இருந்தது. அது வீட்டுக்குள்ளேயே இடம் மாறுவதை அவன் விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தெருவே வேடிக்கை பார்க்க, வடித்து வைத்த டாங்கில் ராஜகோபால் தன் கையாலேயே ஐந்து லிட்டரை ஊற்றினார். தன் கையாலேயே பலகையையும் இறக்கினார். காலி வண்டி ஓடுவதைப் பொறுக்க மாட்டாதவர் என்பதால், ஸ்ரீபெரும்புதூரில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கழிவு நூல் மூட்டையை ஏற்றி, அது விழாமல் பிடித்துக்கொள்ள ரேணுகாம்பாளையும் ஏற்றினார். ராகு காலத்துக்கு முன்பே புறப்பட்டாயிற்று.

ஊரெல்லை ரயில்வே கேட் மூடியிருந்தது.

"எஞ்சின அணைச்சுட்டு அப்பிடியே குந்து, எறங்காத" என்றார் ராஜகோபால்.

காசிநாதன் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் சாலை தெரிந்த இடத்தில் பலகை எழும்பி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ரேணுகாம்பாளின் முகம். அவள் இவனைப் பார்க்கவில்லை. ரயிலை ரசிப்பவள்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கி விழுந்தது.

"இன்னா சத்தம்?"

இறங்கிப்போய்ப் பலகையைத் தள்ளிவிட ஒரு நிமிஷம் போதும். 'மொதலாளி, பலகை' என்று இரண்டு வார்த்தை போதும். பதினோரு வருட உத்தியோகம் அந்தக் கொக்கியில் தொங்கிற்று. பழனியின் காற்று நெஞ்சுக்குள் பூந்து பூந்து போயிற்று. பக்கத்தில், மூன்று நிற இழைகள் சுழலும் ஒரு குளமும் இருந்தது. அதை அவன் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

"கேட்டு சத்தம் மொதலாளி" என்றான்.

அதன்பிறகு அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ராஜபாட்டையாக ஓடிற்று வண்டி. ராஜகோபால் வாய்க்குள் பெருமாளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். சுங்குவார்சத்திரம் வந்தது, போயிற்று. தூரத்தில் இரண்டு பனைமரங்கள் தெரிந்தன. காசிநாதன் மூச்சை விட்டால் எடை கூடிவிடும்போல அடக்கிக்கொண்டான். பனைமரங்கள் பக்கத்தில் வந்தன, பக்கவாட்டில் வந்தன, பின்னால் போயின. வண்டி இருமவில்லை. கிணறு போயிற்று. புளியமர வரிசையில் பாதி போயிற்று. பனைமரத்துக்கு அப்பால் அரை கிலோமீட்டர் இருக்கும், எஞ்சின் இரண்டு தடவை விக்கி ஓய்ந்தது. உருண்டு உருண்டு நின்றபோது, முன்கண்ணாடியில் புளிய இலைகள்தான்.

"காணமே" என்றார் ராஜகோபால்.

"இங்கேர்ந்து தெரியுதுங்க மொதலாளி" என்றாள் ரேணுகாம்பாள் தொட்டியில் எழுந்து நின்று.

"நீ பாத்தா போதுமா? என் கண்ணுல படணும்."

அவர் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு சுற்றி வருவதற்குள் காசிநாதன் மறுபக்கமாக ஓடிப் பலகையை இறக்கிவிட்டான். ராஜகோபால் காலையில் தான் விட்ட நிலையிலேயே பலகையைக் கண்டார். அதன்மேல் ஏறித் தொட்டியில் நின்று எட்டிப் பார்த்தார். இலைகளுக்கு நடுவே, கட்டைவிரல் அளவு, பால்நிற ஆகாயத்தில் ஒட்டவைத்ததுபோலக் கோபுரம். கைகூப்பினார்.

"பாத்தியா காசி. பலகைய எறக்கினதுதான். சூளைக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன். நாளைக்கே அதக் கழட்டிக் கடாசிடு, இன்னும் நல்லா ஓடும்."

காசிநாதன் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். "கழட்டினா நூல் விழுந்துடும்ங்க. நம்ம பட்டு ரோட்டுல போறவனுக்குப் போயிடும்."

காற்றைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பக்கூடிய ராஜகோபால் நூல் விஷயத்தில் ஜாக்கிரதையானவர். கொஞ்சம் யோசித்தார். "சரி, இருக்கட்டும். ஆனா நான் ஏறினா எறக்கித்தான் இருக்கணும்." பெட்ரோல் வாங்கி வர, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனார்.

இருவரும் தொட்டியில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் போயின. வெயில் புளிய இலை வழியாகச் சல்லடையாக விழுந்தது.

"உங்க பழனிகிட்ட இன்னா சொல்லப்போற?" என்றாள்.

காசிநாதன் எழுந்து போய்ப் பலகையைத் தூக்கி, கொக்கியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நின்னுகினு இருக்கற வண்டிக்கு எதுக்குய்யா?"

"இருக்கட்டும்மே" என்றான் காசிநாதன்.