பாக்கியமேரி வேனுக்கு மாட்டிய புது ஷாக்

பாக்கியமேரி பன்னிரண்டு வருடம் ஒரு மிஷன் பள்ளியில் ஆயாவாக இருந்தவள். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டே, இந்த வேலையை நாமே செய்தால் என்ன என்று ஒருநாள் தோன்றிவிட்டது. வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கினாள். ஒத்தக்கடைப் பக்கத்துப் புது நகர்களிலிருந்து எட்டுப் பிள்ளைகள் அதில் போய்வந்தார்கள்.

வேனுக்கு என்ன வந்தாலும் மேலூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் செல்வக்குமாரிடம்தான் போவாள். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன். அவனுடைய மகள் பிரியாவும் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போனாள்.

போன ஜூனில் வேன் வேகத்தடை தாண்டினால் தொட்டில்போல் ஆடத் தொடங்கியது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தரையைப் பார்த்துக் குனிந்தது. செல்வக்குமார் அடியில் படுத்து, சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்களைப் பார்த்தான்.

"நாலு ஷாக்கும் எண்ணெயக் கக்கிருச்சு தங்கச்சி. மொத்தமா மாத்திருவோம். வண்டிய விட்டுட்டுப் போ."

மறுநாள் நாலு புது ஷாக்குக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நாலும் கறுப்பாகப் பளபளத்தன. ஒரு மாதம் வேன் நன்றாக ஓடியது. பிறகு பழைய ஆட்டம் வந்தது. "ரோடு அப்பிடி. நீ கொஞ்சம் மெதுவாப் போ" என்றான் அவன். தன் ஓட்டுதலில்தான் கோளாறு என்று அவள் நம்பினாள். அந்த வாரமே அவன் மகளைப் பள்ளிப் பேருந்துக்கு மாற்றினான். பஸ் வாசலுக்கே வருகிறது என்றான். அதையும் நம்பினாள்.

அக்டோபரில் ஒரு காலை, குறுக்கே வந்த பைக்குக்காக பிரேக்கை மிதித்தாள். வேன் குப்புறக் குனிந்தது. ஆன்சி என்ற சின்னப் பெண் முன்சீட்டில் மோதி, உதட்டில் இரண்டு தையல். ஆன்சியின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்கக்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பாக்கியமேரி தாங்கியிருப்பாள்.

டயர் தேய்ந்துதான் இப்படியோ என்று, அன்றே கோரிப்பாளையத்தில் கண்ணுச்சாமியின் டயர்க் கடைக்குப் போனாள். அவர் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினார்.

"குழிகுழியாத் தேஞ்சிருக்கும்மா. ஷாக் பிடிக்கலைன்னா இப்பிடித்தான் தேயும்."

வேனின் முன்மூலையைப் பலமாக அமுக்கிக் கையை எடுத்தார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாலைந்து தடவை ஆடியது. "ஒரு தடவ எந்திரிச்சு அடங்கணும்."

"புதுசு மாட்டி நாலு மாசம்தாண்ணே ஆகுது."

அவர் வண்டியைத் தூக்கி, ஸ்குரூடிரைவரால் ஷாக்கைச் சுரண்டினார். கறுப்பு பெயின்ட் தோலாக உரிந்தது. உள்ளே துரு, எண்ணெய்ப் பிசுக்கு, வெல்டிங் வைத்து அடைத்த தடம். துணியால் துடைத்ததும் பொறித்திருந்த வருடம் தெரிந்தது. வேன் தயாரான அதே வருடம்.

"இது ஒங்க வண்டியோடயே வந்ததும்மா. ஓட்ட போட்டு, கெட்டி எண்ணெய ஊத்தி அடைச்சிருக்காங்க."

அவள் நேரே மேலூர் ரோட்டுக்குத் திரும்பினாள். செல்வக்குமார் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும், "எல்லாப் பட்டறையிலயும் நடக்குறதுதான் மேரி. ஒரு வருசமாச்சும் தாங்கும்னு நெனச்சேன்" என்றான்.

கத்தவேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பிரியாவ ஏண்ணே பஸ்ஸுக்கு மாத்துனீங்க?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை.

கண்ணுச்சாமி கடைக்கே திரும்பிப் போய், புது ஷாக் இருந்த அட்டைப்பெட்டியைத் தன் கண்முன்னே பிரிக்கச் சொன்னாள். முன்பக்கம் ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டி இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று அவர் மாட்டினார். வீல் அலைன்மென்ட் முடியும்வரை உட்காராமல் நின்றாள். கழற்றிய நாலையும் சாக்கில் கட்டி எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பெற்றோர்களை வரச்சொல்லி, விரித்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். தான் பார்க்காமல் விட்டதையும் சொன்னாள். இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஆன்சி திங்கட்கிழமை வந்து ஏறினாள்.

பள்ளிக்கு வேறு வழி கிடையாது. தினமும் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போகவேண்டும். இத்தனை வருடமாக அவ்விடம் வந்ததும் ஒரு ஹாரன் அடித்துப் போவது வழக்கம். இப்போதும் கை தன்னால் ஹாரன்மேல் போகிறது. போன கையை இழுத்துக்கொள்கிறாள்.