முக்காக்கிலோ அமல்தாசின் முப்பாட்டன்

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் அந்த மாதா கோயில் ஊரில் போய் அமல்தாஸ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. முக்காக்கிலோ வூடு என்று கேட்க வேண்டும். ரேஷன் கடையில் முப்பது வருஷம் சர்க்கரை நிறுத்துப் போட்ட மனிதர். அவர் தராசில் ஒரு கிலோ ஒருநாளும் ஒரு கிலோவாக இருந்ததில்லை. அவர் ரிடையர் ஆனார், பேர் ரிடையர் ஆகவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டிய இடத்தில்கூட, "முக்காக்கிலோவுங்களா? வாங்க வாங்க" என்றுதான் வரவேற்பு. மனுஷன் அன்றைக்கு நொந்தே போனார், பாவம். சர்க்கரை வாங்கியவர்கள் பாவம் என்று சொல்ல மாட்டார்கள், அது வேறு சங்கதி.

அந்தப் பேரைத் தொலைக்கத்தான் முப்பாட்டனைத் தோண்டினார். சவரி மேஸ்திரி மரவேலையில் பெரிய கை; ஏழு ஏக்கர் கிணத்து நிலம், காரை வீடு, மூணு ஜோடி மாடு, எல்லாம் உளி பிடித்துச் சம்பாதித்தது என்பது குடும்பக் கதை. கல்லறைத் தோட்டத்துக்குப் புதிதாக கேட் போடப் போகிறார்கள். அதில் 'சவரி மேஸ்திரி நினைவு வாயில்' என்று ஒரு கல்லைப் பதித்துவிட்டால், அப்புறம் எவன் முக்காக்கிலோ என்பான்? மேஸ்திரி வூடு என்றல்லவா சொல்லியாக வேண்டும்!

பங்குச் சாமியார் ரெண்டு நிபந்தனை போட்டார். மேஸ்திரி பெரிய மனுஷர் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஊரில் இருக்கிற முப்பது தலைக்கட்டில் பதினாறு குடும்பமாவது சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆதாரந்தானுங்க சாமி? கோயில் பீரோவுலயே இருக்குது. பூசை முடிஞ்சதும் எல்லாரு முன்னாலயும் படிக்கச் சொல்லுங்க" என்றார் அமல்தாஸ். தனியாக ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஜேக்கப் முதலில் பழைய உயில்களைப் பிரித்தார். தங்கள் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சொல்லிக் கோயிலுக்கு நிலம் எழுதியவர்களின் உயில்கள், மொத்தம் இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் தவறாமல் ஒரு வரி இருந்தது. தன்னைத் தேக்குப் பெட்டியில் வைத்துப் புதைக்க வேண்டும், பெட்டி செய்துதரச் சவரி மேஸ்திரிக்கு ஒரு கறவைப் பசு தர வேண்டும். வசதி உள்ளவர்கள் பசுவுக்குப் பதில் அரை ஏக்கர் எழுதியிருந்தார்கள்.

அமல்தாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டுக்குங்க! ஊரே எங்க தாத்தன் பெட்டியிலதான் படுத்திருக்குது!"

அடுத்து அடக்கப் பதிவேடு. அந்தக் காலத்துச் சாமியார் எதையும் விடாமல் எழுதுகிற ஆள். அந்த இருபத்து மூன்று பேருக்கும் நேரே எழுதியிருந்தார்: 'பெட்டி திரும்பியது.' ஜேக்கப் நாலு பேர் வரைக்கும் சத்தமாகப் படித்தார், அஞ்சாவதில் குரல் இறங்கிவிட்டது. மேஸ்திரி பெட்டியை வாடகைக்கு விடுகிறார் என்று அந்தச் சாமியார் நினைத்திருக்க வேண்டும். உயிலையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நூறு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாக்கியம் அமல்தாசுக்குக் கிடைத்தது.

முன்வரிசையில் இருந்த ஆரோக்கியம்மாள் எழுந்துவிட்டாள். "அப்ப அந்த மேஸ்திரி எங்க பாட்டனோட பசுவ வாங்கிக்கிட்டு, எல்லாரும் வூட்டுக்குப் போனதும் ஆள மட்டும் குழியில தள்ளிட்டு, பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டானா? இருபத்து மூணு பேருக்கும் ஒரே பெட்டியா? அடப் படுபாவி!"

அதற்கடுத்த பக்கத்தில் சவரி மேஸ்திரியின் பேரே இருந்தது. தொழிலை மகன்களுக்கு நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார். அங்கேயும் பெட்டி திரும்பியது.

எங்கே திரும்பியது என்று கூட்டம் யோசிப்பதற்குள் அமல்தாசின் மனைவி ஜோஸ்பின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஆறடி நீளம், பித்தளைக் கைப்பிடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ராகி கொட்டி வைப்பது அந்தப் பெட்டியில்தான்.

மத்தியானமே ஆரோக்கியம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "அது எங்க பெட்டி, அமலு. பசு குடுத்திருக்கறோம். நான் போனா அதுலதான் வெக்கணும். அதோடயேதான் பொதைக்கணும், ஆமா."

அமல்தாஸ் தலை குனிந்து நின்றார். கூனிக் குறுகித்தான் போயிருந்தார். ஆனால் சட்டைப்பையில் அந்தக் கையெழுத்துத் தாள் இருந்தது.

"குடுத்தர்றேனுங்க அக்கா. உங்க சொத்து, எனக்கெதுக்கு? இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க. அப்புறம் பெட்டி உங்களுக்குன்னு சொன்ன விசயம் வெளிய தெரிய வேண்டாம், ஆளாளுக்குக் கேப்பாங்க."

அவள் போன கொஞ்ச நேரத்தில் சின்னராஜ் கொல்லைப்புறமாக வந்தான். அவன் பாட்டன் அரை ஏக்கர் கொடுத்தவன். அவனுக்கும் பெட்டி உண்டு என்றார், கையெழுத்து வாங்கினார், வெளியே தெரிய வேண்டாம் என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள்.

பொழுது சாயும்போது ஜோஸ்பின் ராகியைச் சாக்கில் அள்ளிக் கட்டி முடித்திருந்தாள். "எத்தன பேருக்குங்க பெட்டி தர்றேன்னு சொல்லியிருக்கறீங்க?"

"பதினாறு" என்றார் அமல்தாஸ், தாளை மடித்துப் பையில் வைத்தபடி. முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"அந்த மனுசனுக்கு இருபத்து மூணு பேர ஏமாத்த ஒரு ஆயுசே ஆச்சு. நீங்க அரை நாள்ல பதினாறு பேர ஏமாத்திட்டீங்க. கல்லுல உங்க பேரயே வெட்டச் சொல்லுங்க."