எட்டுக் குட்டிகளின் முதல் ஓட்டம்

பெங்களூரில் வங்கி வேலையில் இருந்த காலத்திலேயே என் கணவர் குதிரைப் பந்தயம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வரும் ஒரு சின்னத் தமிழ் வாரப் பத்திரிகை. பந்தயத்துக்குப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதை வாங்குவதில்லை. வரும் சனிக்கிழமை எந்தக் குதிரை ஜெயிக்கும், ஏன் என்று வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுவார். ஒருநாள்கூட அவர் பந்தயம் கட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு கொச்சி மட்டாஞ்சேரியில் என் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். கீழே சுக்குக் கிடங்கு, மாடியில் நாங்கள் இரண்டு பேர். இங்கே வந்த பின்னும் கைப்பேசிக்கு வரும் பயிற்சி ஓட்டப் படங்களைப் பார்த்து எழுதி அனுப்பினார்.

அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்வேன். பள்ளியில் நான் படித்தது மலையாளம். வீட்டில் பேசிய தமிழை எழுதக் கற்றுக்கொண்டது அந்தப் பந்தயப் பக்கத்தில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. பத்திரிகை ஆசிரியரிடம், இன்னும் என் கணவர் சொல்லத்தான் நான் எழுதுகிறேன் என்றே சொல்லிவந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு குதிரையாகக் காட்டுவேன். அவருக்குப் பிடித்தது வந்தால் இடது கையால் என் விரலை அழுத்துவார். ஏன் பிடித்தது என்பதை நானே யோசித்து எழுதி வாசித்துக் காட்டுவேன். தப்பு என்றால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். எங்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

சென்ற குளிர்காலத்தில் புதுப் பந்தயங்கள் தொடங்கின. முதல் வாரத்திலேயே இரண்டு வயதுக் குட்டிகளுக்கான குறுகிய ஓட்டம், ஆயிரத்து நூறு மீட்டர். எட்டுக் குட்டிகள். எதுவும் இதுவரை பந்தயத்தில் ஓடியதில்லை. இப்படிப்பட்ட பந்தயம்தான் எழுதுவதற்கு மிகவும் கஷ்டம். முன்பு எப்படி ஓடியது என்று பார்க்க ஒன்றும் இருக்காது.

காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, வழக்கம்போல அருகில் உட்கார்ந்து குட்டிகளின் பயிற்சி ஓட்டப் படத்தைப் போட்டேன். அவர் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கமாகப் போய்க் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் தடவை அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். எட்டுக் குட்டிகளும் ஓடி முடித்தன. அந்தக் கை வெறுமனே கிடந்தது.

அவரைப் புரட்டிவிடவும் துடைத்துவிடவும் பகலில் வரும் மலையாளப் பெண், நாங்கள் சேச்சி என்று கூப்பிடுகிறவள், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியை மெல்ல என்னிடமிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

மேஜைக்குப் போய் நானே பார்க்க ஆரம்பித்தேன். “நடக்கறதை முதல்ல பாரு, ஓடறதை அப்புறம் பாரு” என்பார் அவர். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது ஒரு உயரமான ஆண்குட்டியைப் பற்றித்தான். பெரிய பரம்பரை. ஆனால் அது நடக்கும்போது இடுப்பு தோளைவிட உயர்ந்து தெரிந்தது. இன்னும் வளர்ந்து முடியாத குட்டி. ஓட்டம் தொடங்கும் கேட் திறந்ததும் காலைச் சீராக்கிக்கொள்ளவே அதற்கு நாலைந்து தாவல் தேவைப்பட்டது. ஆயிரத்து நூறு மீட்டரில் அவ்வளவு தாமதம் தாங்காது. நாலாவது எண்ணில் ஒரு குட்டையான பெட்டை. அகன்ற மார்பு, குறுகிய முதுகு. கேட்டுக்குள் மற்றவை முரண்டு பிடித்தபோது இது மட்டும் காதை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. திறந்த மறுகணம் வெளியே இருந்தது. அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். குட்டையான குதிரைகளை அவருக்குப் பிடிக்காது.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். “இந்தப் பெண்குட்டிக்குப் பொறுமையும் உண்டு, வேகமும் உண்டு” என்று வந்தபோது அடுக்களையிலிருந்து சேச்சி எட்டிப் பார்த்தாள்.

“ஏது பெண்குட்டியா மாமீ? கல்யாண ஆலோசனையா?”

மலையாளத்தில் பெண்குட்டி என்றால் இளம்பெண்; எந்தப் பெண் என்று கேட்கிறாள். குதிரை என்று சொன்னதும் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்தை அனுப்பினேன். அன்று மாலை ஆசிரியர் கூப்பிட்டார். சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு, உயரமான குட்டியைத் தள்ளிவிட்டு நாலாம் நம்பரைப் போட்டிருக்கிறதே, சார் சொன்னதுதானா என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“இல்லை. இது நான் எழுதினது. அவர் பார்க்கலை.”

“அம்மா, ரெண்டு வருஷமாவே நீங்கதான் எழுதறீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார். “சார் நல்லா இருந்தப்போ பெரிய ற-வைச் சொல்லிச் சொல்லித் திருத்துவாரு போல. அதுக்கப்புறம் ஒரு ற-கூடச் சரியா வர்றதில்ல. நான்தான் திருத்திப் போடறேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் இல்லை. இரண்டு வருடமாக ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, அவரும் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் மனசில் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டுக் கைப்பேசியில் பந்தயத்தைப் போட்டேன். கீழே லாரியில் மூட்டை ஏற்றும் சத்தத்தில் வர்ணனை சரியாகக் கேட்கவில்லை. கேட் திறந்ததும் நாலாம் நம்பர்தான் முதலில் வந்தது. வளைவு தாண்டியும் அதுதான் முன்னால். கடைசி நூறு மீட்டரில் ஓரமாக ஒரு கறுப்புக் குட்டி வந்து அதைத் தாண்டிக்கொண்டு போனது. நான் ஒரே வரியில் ஒதுக்கிய குட்டி. என்னுடையது இரண்டாவது. உயரமான குட்டி கடைசியில் வேகம் பிடித்து ஐந்தாவதாக வந்தது.

“பாருங்கோ, அது லேட்டாகத்தான் கிளம்பித்து. நான் சொன்னேன் இல்லையா?” என்று திரும்பினேன். அவர் தூங்கியிருந்தார்.

எழுப்பத் தோன்றவில்லை. கறுப்புக் குட்டியை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று யாராவது என்னைத் திட்டியிருக்க வேண்டும். பயிற்சி ஓட்டத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அதில் கறுப்புக் குட்டியின் ஜாக்கி கடிவாளத்தைக் கடைசிவரை இறுக்கியே பிடித்திருந்தான், அதன் முழு வேகத்தைக் காட்டவே விடவில்லை. அவர் அதைப் பார்த்திருப்பார்.

திங்கட்கிழமை ஆசிரியர் மறுபடி கூப்பிட்டு, இனி என் பெயரிலேயே போடலாமா என்று கேட்டார். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பழக்கத்தில் வந்த வார்த்தை. பிறகு நானே, போடுங்கள் என்றேன்.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். விழித்துத்தான் இருந்தார். அவர் பார்த்தது என்னையா, எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலையா என்று தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.