காலியாக விட்ட கட்டம்

லோரெட்டா ஹுடாக் ஞானஸ்நானம் வாங்கியது கத்தோலிக்கக் கோயிலில் என்றாலும், பிறந்தது என்னவோ டெமாக்ரட் கட்சியில்தான். அப்பா சலவை இயந்திர ஆலையில் யூனியன் ஆள். அவளுக்குக் கல்யாணம் நடந்ததே யூனியன் மண்டபத்தில். ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் நாலு தெருவுக்குக் கட்சியின் வட்டப் பொறுப்பாளர் அவள். பனி கொட்டினாலும் கதவைத் தட்டுவாள். காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பிக் காரில் போட்டு ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுபோவாள். கட்சியைக் குறை சொன்னால் பெற்ற தாயைச் சொன்ன மாதிரி பொங்குவாள். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு.

அவளுடைய கட்சி எம்.பி. டெனிஸ் ஃபாரெல்தான் மெக்சிகோவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கை தூக்கினார். லோரெட்டாவும் வேலை பார்த்த அந்த ஆலை மெக்சிகோவுக்குப் போய்விட்டது. "நான் இருக்கும்வரை ஒரு திருகாணிகூட இந்த ஊரைத் தாண்டாது" என்று ஆலை வாசலில் நின்று சொன்னவரும் அவரேதான். வேலை போன வீடுகளுக்கெல்லாம் லோரெட்டாதான் ஏறி இறங்கினாள். உதவித்தொகை அலுவலகத்தில் அவர்களுக்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்டாள். கட்சியின் வருடாந்திர விருந்தில், எம்.பி. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, "எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டு எப்படிங்க இங்க வந்து சாப்பிட முடியுது?" என்று கேட்டும் விட்டாள். இத்தனைக்கும் அவள் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த மனுஷன் அவர்.

கட்சி மேலிடம் சும்மா இருக்குமா? வட்டப் பொறுப்புக்கு அவளை எதிர்த்து ஒரு பல் டாக்டரை நிறுத்தியது.

எம்.பி. முதல் எல்லாப் பதவிக்கும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வசந்தத் தொடக்கத்தில் நடக்கும் கட்சிகளின் உள்தேர்தலில்தான் வட்டப் பொறுப்புக்கும் ஓட்டு. அங்கே ஒரு வழக்கம். ஓட்டுப் போட வருகிறவர் மேஜைக்கு முன்னால் நின்று, எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒரு கட்சிச் சீட்டுதான் கிடைக்கும். இந்த முறை ரிப்பப்ளிகன் சீட்டைத்தான் கேட்கப்போகிறோம் என்று ஆலைக்காரர்கள் மதுக்கடையில் சூளுரைத்திருந்தார்கள். அந்தச் சீட்டில் லோரெட்டாவின் பெயர் இருக்காது. அவளுக்கென்று ஓட்டுப் போடக்கூடியவர்களே அவர்கள்தான்.

"போய் ஒரு வார்த்தை கேளேன், லோரி," என்றான் கணவன் எமில். அவனும் வேலை போனவன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன்? அவங்க கோபம் நியாயமில்லையா?"

தேர்தலன்று கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் சீட்டுக் கொடுக்கும் மேஜையில் லோரெட்டா உட்கார்ந்தாள். கட்சிப் பொறுப்புக்கு நிற்கிறவர்கள் சாவடியில் வேலை பார்க்க அங்கே தடையில்லை. நிரப்பிய சீட்டை விழுங்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வெர்னன் ஸ்ட்ரவுஸ். ரிப்பப்ளிகன் தரப்பு ஆள். இருவரும் பல தேர்தல்களாக ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே ஒரே கூடத்தில் வேலை பார்ப்பவர்கள்.

"உன் ஆளுங்க பூராவும் இன்னிக்கு என் வீட்டு விருந்தாளிங்க, லோரி," என்றார் வெர்னன்.

"வாய மூடிக்கிட்டு மெஷினப் பாருய்யா."

முதலில் வந்தவள் ட்ரூடி, லோரெட்டாவோடு ஆலையில் வேலை பார்த்தவள். மதுக்கடையில் எல்லோரையும்விட உரக்கச் சத்தியம் செய்ததும் அவள்தான்.

"எந்தச் சீட்டும்மா?" லோரெட்டா நிமிராமலே கேட்டாள்.

"டெமாக்ரட். ஒரே ஒரு பேருக்காகத்தான் வந்தேன். மத்தவனுங்க மெக்சிகோவுல போய் ஓட்டுக் கேக்கட்டும்."

"ஷ்ஷ்! இங்க அதெல்லாம் பேசக்கூடாதுடி."

ட்ரூடி சீட்டை இயந்திரத்தில் செருகினாள். அது கீச்சென்று கத்தியது. சீட்டில் நிரப்பாத கட்டம் இருந்தால் அது அப்படித்தான் கத்தும். வெர்னன் விதிப்படி கேட்டார்: "காலியா இருக்கு. திருப்பித் தரட்டுமா?"

"வேணாம். அப்படியே போடு."

அடுத்து வந்தவனும் டெமாக்ரட் சீட்டைத்தான் கேட்டான். கீச்! அவனுக்கு அடுத்து வந்த தம்பதிக்கும் கீச், கீச்! பனிச்சேறு ஒட்டிய பூட்ஸுகளோடு வரிசையாக வந்தார்கள், தங்களைக் கைவிட்ட கட்சியின் சீட்டை வாய்விட்டுக் கேட்டு வாங்கினார்கள், எம்.பி.யில் தொடங்கி எல்லாவற்றையும் காலியாக விட்டுவிட்டு ஒருத்திக்கு மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மாடியோ, ஒரு ஊரே இப்படிச் செய்யுமா! யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததல்ல. மதியத்துக்குள் அந்தச் சத்தத்தை எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள். எமில் வந்தான், அவளைப் பார்க்காமலே சீட்டு வாங்கினான். கீச்! பல் டாக்டருக்கு அவர் வீட்டு ஓட்டு விழுந்தாலே பெரிய விஷயம் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் லோரெட்டா தனக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனாள். ஆயுசில் ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. அது கட்சித் துரோகம் என்று அப்பா சொல்லி வளர்த்த பெண். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. எமில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். ட்ரூடியும் வீட்டுக்குப் போகவில்லை.

வெளியே வந்து சீட்டைச் செருகினாள்.

கீச்!

வெர்னன் இயந்திரத்தின் சின்னத் திரையில் வந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேளுய்யா. ஊரையே கேட்டியே, என்னையும் கேளு."

"ஒரு இடம் காலியா இருக்கு, லோரி," என்றார் அவர் மெதுவாக. "எம்.பி. இடம். திருப்பித் தரட்டுமா?"

"எங்கப்பாவத் தூக்கிட்டுப் போனவருய்யா அவரு." அவள் அழுதுவிட்டாள். "இருக்கட்டும். அப்படியே போடு."

இயந்திரம் சீட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. கட்சியை விட்டும் போகாமல், கட்சிக்கு அடங்கியும் போகாமல் நிற்க இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை அன்றுதான் அந்த ஊர் கண்டுகொண்டது.

வெர்னன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். ஏதாவது கிண்டல் வரும் என்று எதிர்பார்த்துத்தான் லோரெட்டா அவரைப் பார்த்தாள்.

"அந்த ஒப்பந்தத்துக்கு எங்க ஆளுங்களும்தான் கை தூக்கினாங்க," என்றார். "என் பையனும் அந்த ஆலையிலதான் இருந்தான். நான் காலையிலயே, யாரும் வர்றதுக்கு முன்னாடியே, அவங்களுக்கும் சேத்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் போட்டுட்டேன், லோரி."